தோற்றுவிட்டுப் போவதுதான் முறை

வணக்கம் அண்ணா,

ரெஸ்லிங் பற்றி நடுநடுவே எழுதுகிற ஆள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடி, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த தலைமுறை நான். 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஜான் சீனா ஆடிய கடைசி மேட்ச்சை என் பையனோடு பார்த்தேன். குந்தரிடம் கழுத்துப் பிடியில் மாட்டி, சீனா கையால் தட்டிச் சரணடைந்துவிட்டார். பையன் அழுதுவிட்டான், எனக்கும் தொண்டை அடைத்தது. மறுநாள் ஆபீஸில் சொன்னால், "எல்லாம் செட்டப், இதுக்குப் போய் அழறியா" என்று சிரிக்கிறார்கள்.

எனக்கு மூன்று சந்தேகம். எப்படியும் எழுதி வைத்து ஆடுவதுதான் என்றால், கடைசி மேட்ச்சிலாவது அவரை ஜெயிக்க வைத்திருக்கலாமே? இவ்வளவு பெரிய ஆளுக்குப் பெரிய ஸ்டேடியம் ஒன்றைப் பிடிக்காமல் ஏன் ஒரு சாதாரண அரங்கு? ரிக் ஃப்ளேர், அண்டர்டேக்கர் எல்லோரும் "கடைசி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்தவர்கள்தானே, அப்படியானால் இந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு? சீனா திரும்ப வருவாரா என்று பையன் தினமும் கேட்கிறான்.

– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

செட்டப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள், ஆமாம். அதை அவர்களே மறைக்கவில்லை. 1989-லேயே டபிள்யூடபிள்யூஎஃப்பை நடத்திய வின்ஸ் மெக்மேனின் கம்பெனி நியூ ஜெர்சி செனட்டில் போய், நாங்கள் நடத்துவது போட்டியல்ல, கேளிக்கை என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியும் கட்டணமும் மிச்சமாகுமே, அதற்காக. ஆனால் ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூனில் ஹிரோஷிமாவில் பின்னாலிருந்து தூக்கி முதுகுப்பக்கமாக அடிக்கும் பேக் சூப்ளெக்ஸ் ஒன்றை வாங்கி, எழுந்திருக்காமல், அன்றிரவே இறந்துபோனார். முடிவைத்தான் எழுதி வைக்க முடியும், கீழே விழுவதற்கு டூப் கிடையாது. உங்கள் ஆபீஸ் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது முதல் சந்தேகம். அமெரிக்காவில் 1980-கள் வரை வட்டாரத்துக்கு ஒரு புரமோட்டர் இருந்தார். ஒரு வட்டாரத்தில் ஆடி முடித்து அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவன், அங்கேயே இருக்கப்போகிறவனிடம் தோற்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்த வாரம் டிக்கெட் விற்க வேண்டியவன் அவன்தானே, கிளம்புகிறவன் பெயரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் புரமோட்டர் கல்லாவில் என்ன இருக்கும்? கல்லாவுக்காக வந்த பழக்கம், நாளடைவில் மரியாதையாக மாறிவிட்டது. நம் ஊர் மொய் மாதிரிதான். உனக்கு ஒருவர் செய்ததை நீ இன்னொரு வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், நோட்டில் எழுதியிருக்கிறது.

சீனாவின் கணக்கைப் பாருங்கள். கம்பெனியின் வருடாந்தரப் பெரிய திருவிழாவான ரெஸில்மேனியாவில், 2006-இல், ட்ரிபிள் ஹெச் அவர் பிடியில் தட்டினார். அடுத்த வருடம் டெட்ராய்ட்டில் ஷான் மைக்கேல்ஸ் தட்டினார். அன்றைக்கு இரண்டு பேருமே அந்தக் கம்பெனியின் தூண்கள், சீனாவைப் பார்த்தாலே பாதிக் கூட்டம் ஊளையிட்ட காலம் அது. அவர்கள் தட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு 17 உலகப் பட்டங்கள் என்று பேச ஆளே இருந்திருக்காது. ஆக, தட்டித்தான் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். "விட்டுக்கொடுக்காதே" என்று பனியனில் அச்சடித்து இருபது வருடம் விற்ற மனிதரிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் அந்தத் தட்டல்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தால் கவனியுங்கள், தட்டுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிக்கிறார். அது தோற்றவன் சிரிப்பு இல்லை.

என் வருத்தம் வேறு. கொடுத்தது சரி, கொடுத்த இடம் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குந்தர் ஏற்கெனவே உலகப் பட்டத்துக்கு அடுத்த படியான இண்டர்காண்டினென்டல் பெல்ட்டை 666 நாள் வைத்திருந்தவர், அதே 2025 ஜூலையில் அட்லாண்டாவில் கோல்ட்பெர்கின் கடைசி மேட்ச்சிலும் ஜெயித்தவர். நிரம்பிய பாத்திரத்தில் இன்னொரு குடம் ஊற்றியிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தத் தட்டல் கிடைத்திருந்தால் பத்து வருடம் அதை வைத்தே ஓட்டியிருப்பான். உங்கள் பையனும் அழுதிருக்க மாட்டான், கோபப்பட்டிருப்பான். வியாபாரத்துக்கு அதுதான் நல்லது.

சீனாவின் அந்தக் கால் பிடி இருக்கிறதே, எதிராளியின் காலை மடக்கிவிட்டு முதுகில் படுத்து முகத்தை இழுப்பது, எஸ்டிஎஃப், அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. அதைப் பிரபலப்படுத்தியவர் ஜப்பானின் மசாஹிரோ சோனோ. சோனோவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லூ தெஸ், 1968-இல் பம்பாயில் தாரா சிங்கோடு மோதினாரே, அதே தெஸ். தெஸ் தன் கடைசி மேட்ச்சை 1990 டிசம்பரில் ஹமமட்சுவில் ஆடினார், வயது 74, எதிரே நின்றது இந்தச் சோனோ. சீடனிடம் தோற்றுவிட்டுப் போனார் குரு.

சோனோ என்றதும் எனக்கு 2023 பிப்ரவரி 21 ஞாபகம் வராமல் இருக்காது. டோக்கியோ டோம் என்ற பெரிய மைதானத்தில், சோனோவின் சகா கெய்ஜி முட்டோவின் கடைசி மேட்ச். 60 வயது, இரண்டு முட்டியும் செயற்கை. முதுகுப்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழும் மூன்சால்ட்தான் அவர் அடையாளம், அந்த முட்டிகளைத் தின்றதும் அதுதான், இனிமேல் கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார். அன்றைக்கு எதிராளி நைட்டோவைப் படுக்கப்போட்டுவிட்டு மூலைக்குப் போகிறார், கயிற்றைப் பிடித்து ஏறுகிறார், யோசிக்கிறார், கூட்டம் முழுக்க "வேண்டாம், வேண்டாம்" என்றும் "போ" என்றும் ஒரே நேரத்தில் நினைக்கிறது, முட்டோ இறங்கிவிடுகிறார். ஆட்டத்தின் நடுவே, மறைந்துவிட்ட சக வீரர்கள் ஹஷிமோட்டோவின் அடிகளையும் மிசாவாவின் அடியையும் போட்டுக் காட்டுகிறார். கடைசியில் நைட்டோவிடம் தோற்கிறார். முறைப்படி எல்லாம் முடிந்தது.

முடியவில்லை. மைக்கை வாங்கி, வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த சோனோவைக் கூப்பிடுகிறார். 1984 அக்டோபரில் இருவருக்கும் ஒரே நாளில் அறிமுகம், ஒருவருக்கொருவர்தான் முதல் எதிராளி. சோனோ ஓய்ந்துபோய்க் கைத்தடியோடு நடக்கிற நிலை. கோட்டைக் கழற்றிவிட்டு ரிங்குக்குள் வந்து, மணி அடித்து, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆடி, எஸ்டிஎஃப் போட, முட்டோ தட்டுகிறார். முதல் நாள் எதிராளியே கடைசி எதிராளி, ஒரே ராத்திரியில் இரண்டு தோல்வி. இதைப் பார்த்துவிட்டு "எழுதி வைத்ததுதானே" என்று ஒருவர் சொன்னால், ஆமாம், நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

விதிவிலக்கும் உண்டு. அன்டோனியோ இனோகி 1998 ஏப்ரல் 4-ம் தேதி அதே டோமில் டான் ஃப்ரையை நாலு நிமிடத்தில் முடித்து, ஜெயித்துவிட்டுப் போனார். முகமது அலியே வந்து உட்கார்ந்திருந்தார், 1976-இல் இருவரும் 15 ரவுண்டு மோதி, இனோகி தரையில் படுத்துக்கொண்டே அலியின் காலை உதைத்து உதைத்து டிராவில் முடிந்த அந்தக் கூத்துக்கு மரியாதையாக. ஆனால் இனோகி அந்த மேட்ச்சை நடத்திய கம்பெனியையே ஆரம்பித்தவர். மொய் நோட்டு அவர் கையில் இருந்தது.

அரங்கு பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெரிய இடம் சீனாவுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸின் அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் கோடி ரோட்ஸைத் தோற்கடித்து 17-வது பட்டம் வாங்கினார். நவம்பர் 10 அன்று சொந்த மண்ணான பாஸ்டனில், அதுவரை கைக்கு வராத இண்டர்காண்டினென்டல் பெல்ட்டையும் வாங்கிவிட்டார். நம் பக்கத்தில் ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கில் 2023 செப்டம்பரில் ஆடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இங்கிருந்து பஸ் பிடித்துப் போன கும்பலை எனக்குத் தெரியும். ஸ்டேடியத்தில் ரிங் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரியும், பாதிப் பேர் பெரிய திரையைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். 1987-இல் ஹல்க் ஹோகன் ஆண்ட்ரே த ஜெயண்ட்டைத் தூக்கிப்போட்ட பாண்டியாக் சில்வர்டோமுக்கு 93,173 பேர் வந்தார்கள் என்று கம்பெனி இன்றும் சொல்கிறது, அந்த எண்ணை நம்பாதவர்கள் நிறைய உண்டு. அந்த அரங்கம் இப்போது இல்லை. 2017 டிசம்பரில் வெடி வைத்தார்கள், முதல் நாள் அசையவே இல்லை, மறுநாள் திரும்ப வைத்துத்தான் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒரு தோல்வி உறைக்க வேண்டுமென்றால் கூரை தாழ்ந்த இடம் வேண்டும். 1971 ஜனவரி 18, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். புரூனோ சம்மார்டினோ ஏழரை வருடத்துக்கு மேல், 2,803 நாள், பட்டத்தை வைத்திருந்தார். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன், அந்த ஊர்க் குடியேறிகளுக்கு அவர் கிட்டத்தட்ட குலசாமி. எதிராளி இவான் கோலாஃப் மேல் கயிற்றிலிருந்து முட்டியால் விழுந்து மூன்று எண்ணி முடித்தபோது அரங்கில் சத்தமே இல்லை. தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்ததாக சம்மார்டினோ பிற்பாடு சொன்னார். கூட்டம் கலவரம் செய்துவிடும் என்று பயந்து, கோலாஃப் ஜெயித்ததை ரிங்கில் அறிவிக்கக்கூட இல்லை, பெல்ட்டைக் கையில் கொடுக்கவும் இல்லை. அறுபதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் இப்படி ஒரு நிசப்தம் வராது, எங்காவது ஒருவன் பாப்கார்ன் விற்றுக்கொண்டிருப்பான்.

அதற்காகப் பெரிய அரங்கே கூடாது என்று சொல்லவில்லை. ஜப்பானின் முகமூடி வீரர் ஜூஷின் தண்டர் லைகர் அந்த முகமூடியோடு முதலில் வந்தது 1989 ஏப்ரலில், டோக்கியோ டோமில் நடந்த முதல் ரெஸ்லிங் நிகழ்ச்சியில். 2020 ஜனவரி 5 அன்று அதே டோமில், ஹிரோமு தகஹாஷி என்ற இளையவர் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைக்க, தோற்று முடித்தார். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தது என்றால் அதுதான். இடமும் சரி, ஆளும் சரி.

அப்புறம் அந்த மூன்றாவது சந்தேகம், அதாவது வயிற்றெரிச்சல். ரிக் ஃப்ளேர் 2008 மார்ச் 30 அன்று ஆர்லாண்டோ சிட்ரஸ் பௌலில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றார். மைக்கேல்ஸ் மூலையில் நிற்கிறார், காலை உயர்த்த மனம் வரவில்லை, ஃப்ளேர் அழுதுகொண்டே முஷ்டியைத் தூக்கி "வா" என்கிறார், மைக்கேல்ஸ் உதடு "மன்னிச்சிடுங்க, உங்களை நேசிக்கிறேன்" என்று அசைகிறது, உதை விழுகிறது. இதைவிட நல்ல வழியனுப்பல் அமெரிக்காவில் நடந்ததில்லை என்பேன். இரண்டு வருடத்தில் ஃப்ளேர் வேறு கம்பெனியில் ஆடிக்கொண்டிருந்தார். 2022 ஜூலையில் நாஷ்வில்லில் "ரிக் ஃப்ளேரின் கடைசி மேட்ச்" என்றே பெயர் வைத்து, 73 வயதில், மருமகன் ஆண்ட்ராடேயோடு ஜோடி சேர்ந்து ஆடினார். நடுவில் மயங்கிவிட்டதாக அவரே பிறகு சொன்னார். நான் அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன், பார்க்க முடியவில்லை.

திரும்பி வருவதில் ஏமாறுவது நாம் மட்டுமில்லை, ஜெயித்தவனும்தான். அண்டர்டேக்கர் 2017-இல் அதே ஆர்லாண்டோ மைதானத்தில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் ரிங் நடுவில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ரெஸில்மேனியாவிலேயே சீனாவை மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வந்துவிட்டார். ரெய்ன்ஸுக்குக் கொடுத்த வெற்றி அன்றோடு செல்லாக்காசு. கடைசியில் உண்மையான கடைசி மேட்ச், 2020 ஏப்ரலில், ஏஜே ஸ்டைல்ஸோடு, கொரோனா காலத்தில், ஒரு கல்லறைத் தோட்ட செட்டில், பார்க்க ஒரு ஆள் இல்லாமல். ஏழு உயிர்க் கதைக்கு அது ஒரு வகையில் பொருத்தம்தான், ஆனாலும் அவருக்கு அது போதாது.

பசி, பணம், பழக்கம் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும், நான் யாரையும் திட்ட மாட்டேன். டெர்ரி ஃபங்க் 1983-இல் டோக்கியோவில் கதறி அழுது ஓய்வு பெற்றார், மறு வருடமே திரும்பினார், 2017 வரைக்கும் ஆடினார். அவரிடம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அது அவர் சுபாவம் என்று விட்டுவிட்டார்கள்.

சீனா கதை வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 48 வயதில், சினிமா கையில் இருக்கும்போதே, ஒன்றரை வருடம் முன்னாலேயே நாள் குறித்துச் சொல்லிவிட்டு, ஷூவையும் மணிக்கட்டுப் பட்டையையும் கழற்றி ரிங்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஷான் மைக்கேல்ஸும் 2010-இல் இதே உறுதியோடுதான் போனார், எட்டு வருடம் சொல் தவறாமலும் இருந்தார், 2018 நவம்பரில் ரியாத்தில் பெரிய தொகை கொடுத்ததும் வழுக்கைத் தலையோடு ரிங்கில் நின்றார். 2027 ரெஸில்மேனியாவும் ரியாத்தில்தான் நடக்கப்போகிறது. எனவே பையனிடம் "வர மாட்டார்" என்று சத்தியம் மட்டும் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்.