வகுப்பறையை விட்டு மரத்தடிக்குப் போய் வரைவதால் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது?

பொருள் இருக்கும் இடத்துக்கே போய், அதைப் பார்த்தபடி வரைவதுதான் வெளிப்புற ஓவியம்.

வகுப்பில் 'மரம்' என்றதும் குழந்தை வரைவது மனதில் பதிந்த அடையாளத்தை: பழுப்புத் தண்டு, மேலே பச்சை உருண்டை. வீட்டுப் படிகளில் தினமும் ஏறி இறங்கினாலும், எத்தனை படி என்று கேட்டால் சட்டென்று வராதே, அப்படித்தான். கையில் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்துப் பாருங்கள். இலை விளிம்பில் ரம்பப் பல், அடிப்பகுதி இருபுறமும் சமமில்லாத கோணல், கொழுந்தில் செம்பு நிறம். (வண்ணப்பெட்டியில் வரும் பச்சை பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும், துளி சிவப்பு சேர்த்தால் அடங்கும்.)

காலை 8 மணி வாக்கில் தொடங்குங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், 40 நிமிடம் தாண்டினால் நிழல் இடம் மாறிக் குழந்தை குழம்பிவிடும். தாளும் நிழலில்தான் இருக்க வேண்டும். வெயிலில் தாள் கூசும், அதனால் வண்ணத்தை அளவுக்கு மீறி அடர்த்தியாக்குவார்கள். உள்ளே கொண்டுவந்தால் படம் இருண்டு தெரியும். வெயிலில் வண்ணம் பூசப் பூசக் காய்ந்து திட்டுத்திட்டாகவும் நிற்கும்.

தாளின் தடிமன் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்தால் நீர்வண்ணத்தில் நெளிந்துவிடும். பரீட்சை அட்டை, கிளிப், 2பி பென்சில், இருவருக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் டம்ளர் காற்றில் கவிழும், அடியில் கூழாங்கல் போடுங்கள்.

போட்டோ எடுத்துவந்து வகுப்பில் பார்த்து வரைந்தாலும் இதே பலன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எதை வரைவது, எதை விடுவது என்பதைப் போட்டோ எடுத்தவரே முடிவுசெய்துவிடுகிறார், நிழலுக்குள் இருக்கும் நிறங்களும் அதில் பெரும்பாலும் கறுத்துப்போகும்.