வாசகர் கேள்வி – பதில்: படத்தில் புதிதாய் ஒரு புள்ளி

கேள்வி: 6 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியில் கேமரா மாட்டி எம்83 காலக்ஸியைப் படமெடுத்தேன். இணையத்திலுள்ள பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி இதில் இருக்கிறது. சூப்பர்நோவாவா? யாரிடம் சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: எம்83 நல்ல தேர்வு. 1923 முதல் 1983 வரை 6 சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறிய விண்மீன்கள், அங்கே பதிவாகியுள்ளன. நம் பக்கத்தில் தெற்கே 51 பாகை உயரம் வரை ஏறும். ஆனாலும் அவசரப்படாதீர்கள், இப்படித் தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை வேறு ஏதாவதுதான்.

முதல் சந்தேகம் கேமராவின் மேல். 30 விநாடிப் படங்கள் 20 எடுத்து அடுக்கியிருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து பாருங்கள். ஒரே படத்தில் மட்டும் புள்ளி இருந்தால் அது காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் துகள்) பட்ட தடம். எல்லாவற்றிலும் அதே பிக்சலில் உட்கார்ந்திருந்தால் ஹாட் பிக்சல், அதாவது ஒளி படாமலே ஒளிரும் பழுதான பிக்சல். இதைப் பிரித்தறியத்தான் படத்துக்குப் படம் தொலைநோக்கியைப் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்த்தி எடுக்கச் சொல்கிறோம். விண்மீன்கள் இடம் மாறும், ஹாட் பிக்சல் மாறாது.

அடுத்த சந்தேகம் சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுபவை பொதுவாக மணிக்குச் சுமார் 30 ஆர்க்செகண்ட் நகரும் (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு 1 ஆர்க்செகண்ட்). உங்கள் கருவியின் குவியத் தொலைவு 750 மி.மீ., பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1 ஆர்க்செகண்ட். அரை மணி கழித்து எடுத்தால் சிறுகோள் 15 பிக்சல் தள்ளி நிற்கும், சூப்பர்நோவா அசையாது. சில வாரங்களில் சிறுகோள் மிக மெதுவாக ஊரும் என்பதால், சிறுகோள்களின் விவரங்களைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டரின் இணையதளத்திலும் இடத்தையும் நேரத்தையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய படத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். டிஜிட்டைஸ்டு ஸ்கை சர்வே படங்கள் போட்டோ தகடுகளை ஸ்கேன் செய்தவை. பிரகாசமான காலக்ஸியின் நடுப்பகுதி அவற்றில் வெறும் வெள்ளையாகிப் போயிருக்கும். காலங்காலமாக அங்கே இருக்கும் ஒளிமுடிச்சுகூட உங்கள் படத்தில் புதுசுபோலத் தெரியும். உங்கள் கருவியாலேயே மாதாமாதம் எடுத்துச் சேர்த்த படங்கள்தான் சரியான ஒப்பீடு.

தாமிரபரணிக் கரை வயல்வெளிகளில் பின்னிரவில் பனி இறங்கும். நியூட்டோனியனில் வாய்ப்பக்கம் இருக்கும் சிறிய கண்ணாடிதான் பெரும்பாலும் முதலில் மங்கும். விண்மீன்கள் ஊதிப்போய், மங்கலானவை காணாமல் போகும். அப்படிப்பட்ட இரவின் படத்தை வைத்து ‘அன்றைக்குப் புள்ளி இல்லை’ என்று எழுதிவிட்டால், வெடித்த நாளைக் கணக்கிடுகிறவர்களுக்குத் தவறான தேதி போய்விடும். கறுப்பு சார்ட் அட்டையைச் சுருட்டி, குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வாயில் மாட்டுங்கள்.

இத்தனையும் தாண்டிப் புள்ளி நின்றால், புதிதாகத் தோன்றும் புள்ளிகளைப் பதிவு செய்யும் இணையதளமான டிரான்ஸியன்ட் நேம் சர்வரில் பாருங்கள். வேறு யாரும் சொல்லியிருக்காவிட்டால் அங்கேயே பதிவு செய்யலாம். 1 ஆர்க்செகண்டுக்குள் துல்லியமான இடம், மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), ஃபில்டர், நேரம், கடைசியாகப் புள்ளி இல்லாமல் எடுத்த படத்தின் தேதி, அதில் எந்த மேக்னிட்யூட் வரை தெரிந்தது என்பவை வேண்டும். நேரம் உலக நேரத்தில் இருக்க வேண்டும்: 5.30 மணியைக் கழியுங்கள். 20-ம் தேதி அதிகாலை 2.10 என்பது 19-ம் தேதி 20.40. தேதி ஒரு நாள் பின்னால் போவதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: 2023ஐஎக்ஸ்எஃப் என்ற பெயரின் கடைசி எழுத்துகளுக்கு என்ன பொருள்?
– ஆசிரியை, வள்ளியூர்

பதில்: அது ஒரு சூப்பர்நோவாவின் பெயர்; அந்த எழுத்துகள் வரிசை எண். முதல் 26-க்கு ஒற்றை எழுத்து, பிறகு இரட்டை, அப்புறம் மூன்று. ஆங்கில எழுத்து வரிசையில் ஐ 9, எக்ஸ் 24, எஃப் 6; 676 என்பது 26×26. 9×676 + 24×26 + 6 = 6,714. அந்த ஆண்டின் 6,714-வது பெயர். பதிவானதும் பெயருக்கு முன்னால் ‘ஏடி’ (இன்னும் வகை உறுதியாகாதது) இருக்கும். நிறமாலை எடுத்துச் சூப்பர்நோவா என்று உறுதியான பிறகே ‘எஸ்என்’ ஆகும். எம்101 காலக்ஸியில் வெடித்த இதை 2023 மே 19-ல் கண்டவர் ஜப்பானின் கோய்ச்சி இத்தகாகி, தொழில்முறை வானியலாளர் அல்லாதவர்.

கேள்வி: 1987-ல் வெறும் கண்ணுக்குத் தெரிந்த சூப்பர்நோவா நம் ஊரில் தெரிந்திருக்குமா?
– மீனவர், உவரி

பதில்: தெரிந்திருக்கும், ஆனால் கஷ்டப்பட்டு. சிலியின் லாஸ் கம்பானாஸில் 1987 பிப்ரவரி 24-ல் கண்டறியப்பட்ட அது பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு காலக்ஸியில் இருந்தது. நம் அட்சரேகையில் அந்த மேகம் தென்கடலுக்கு மேல் 12 பாகைதான் ஏறும். பிப்ரவரிக் கடைசியில் இரவு ஏழரை மணிக்கு அந்த 12 பாகை உயரத்துக்கு வந்து நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். அவ்வளவு தாழ்வில் காற்றுமண்டலம் ஏறத்தாழ 1 மேக்னிட்யூட்டை விழுங்கிவிடும் என்பதால் பைனாகுலர் கைவசம் இருப்பது நல்லது. மே மாதம் அது 3-ம் மேக்னிட்யூட் அளவுக்குப் பிரகாசமானபோது, நமக்கு இருட்டும் முன்பே கடலுக்குள் இறங்கியிருந்தது.

கேள்வி: திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறது என்கிறார்களே?
– இல்லத்தரசி, ராஜவல்லிபுரம்

பதில்: வெடிக்கும், ஆனால் அதற்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். 2020 பிப்ரவரியில் அது மங்கியது, அதுவே உமிழ்ந்த தூசி மறைத்ததால். சுமார் 500 முதல் 700 ஒளியாண்டு தள்ளி இருப்பதால் பூமிக்கு ஆபத்தில்லை. அதன் ஏற்ற இறக்கத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே கவனிக்கலாம். மார்கழியில் இரவு பத்தரை மணி வாக்கில் திருவாதிரையும் ரோகிணியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், தலைக்கு மேல் நிற்கும். வழக்கமாகத் திருவாதிரைதான் பிரகாசம். ரோகிணியை விட மங்கித் தெரிந்தால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.