கேள்வி – பதில்: அமெரிக்காவில் துவக்கு வாங்குவது

கேள்வி: இங்கே பன்றி கலைக்க ஒரு துவக்கு வைத்திருப்பதற்கும் அனுமதிப்பத்திரம் எடுத்து, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் கடையில் போய் வாங்கலாமாமே? தடுக்கச் சட்டமே இல்லையா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: சட்டம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. உரிமம் உள்ள கடையில் வாங்குபவர் 4473ஆம் இலக்கப் படிவம் நிரப்ப வேண்டும். கடைக்காரர் அதை வைத்து எஃப்.பி.ஐ. பதிவேட்டில் குற்றப் பின்னணி பார்ப்பார். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். தாமதமானால்தான் சிக்கல்: மூன்று வேலைநாள் கடந்தும் முடிவு வராவிட்டால், பொதுவாகக் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ள்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் துவக்கு வாங்கியது இப்படித்தான். தனியாள் தனியாளுக்கு விற்றால் மத்திய சட்டம் இந்தச் சோதனையைக் கேட்பதேயில்லை. சில மாநிலங்கள் கேட்கின்றன.

கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், அமெரிக்க அரசியலமைப்பின் 1791ஆம் ஆண்டு இரண்டாவது திருத்தத்தைக் காட்டுவார்கள். வீட்டில் தற்காப்புக்குத் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெலர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று அதே தீர்ப்பில் இருப்பதை அவர்கள் அவ்வளவாக எடுப்பதில்லை. பொலிஸ் வந்துசேர நேரமெடுக்கும் நாட்டுப்புறத்தில் தற்காப்பு வாதத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. காட்டோரத்தில் இருக்கும் உங்களுக்கு அது விளங்கும். குற்றவாளி படிவம் நிரப்பவா போகிறான் என்றும் கேட்பார்கள். (நம்மூரில் கட்டுத்துவக்கு கட்டுபவர்கள் அனுமதி கேட்டா கட்டுகிறார்கள்!)

ஆனால் அங்கே துவக்கால் சாவோரில் பாதிக்கு மேல் தற்கொலைதான். கட்டுப்பாடு கேட்பவர்களின் பலமான வாதம் இதுவென்றே நினைக்கிறேன். துவக்கைப் பூட்டி, ரவையை வேறிடத்தில் வைத்தாலே உயிரை விட நினைக்கும் அந்தக் கணம் கடந்துவிடக்கூடும்.