வீட்டிலிருந்து வேலை செய்யும்போது என் நாய் சதா குரைத்து, காலைப் பிராண்டித் தொல்லை கொடுக்கிறது. இதை எப்படி நிறுத்துவது?

எடுத்த எடுப்பிலேயே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்த நாய்க்கு யார் பிஸ்கட் போடுகிறார்கள்?

நீங்கள் இல்லை, சரி. "நான் கண்டுகொள்வதே இல்லை, அப்படியும் விடமாட்டேன் என்கிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேறு யாரோ கண்டுகொள்கிறார்கள். மாமியாராக இருக்கலாம், பள்ளிவிட்டு வரும் பையனாக இருக்கலாம், வாரக்கடைசியில் வந்து போகும் சித்தப்பாவாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது என் அப்பா.

நான் கால்நடை மருத்துவரும் இல்லை, நாய்ப் பயிற்சியாளரும் இல்லை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு வரிசை வீட்டில் மனைவி, மகள், அப்பா, ஒரு நாட்டு நாய் என்று குடித்தனம் நடத்துகிறவன். "நாயை வீட்டுக்குள் விட்டதே தப்பு" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். இவர் கேட்டது அது இல்லை.

எங்கள் நாய் ஆ பாய் கோப்பிக்கடையில் வளர்ந்தவன். பெயர்கூட கடைக்கார அங்கள் வைத்ததுதான். மேசைக்கு மேசை போய் உட்காருவான். முதலில் சும்மா முகத்தைப் பார்ப்பான். ஒன்றும் விழவில்லை என்றால் மூக்கால் முழங்கையை இடிப்பான். அதற்கும் அசையாதவர்களின் தொடைமேல் ஒரு கையைத் தூக்கி வைப்பான். கடைசியாக ஒரே ஒரு குரைப்பு. அந்தக் குரைப்புக்கு அநேகமாக ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, துண்டு ஒன்று விழுந்துவிடும். நாம் இதைக் கெட்ட பழக்கம் என்கிறோம். அவனுக்கு அது பிழைப்பு. வருடக்கணக்காக அந்தத் தொழிலை வைத்துத்தான் வயிறு வளர்த்திருக்கிறான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கிப்போவது மட்டும்தான். வாடிக்கையாளர்கள் போனதும் அவன் பிழைப்பும் போயிற்று. அப்பா ஒருநாள் கோப்பி வாங்கப் போனவர் கோப்பியோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "பாவம்டா, எலும்பா இருக்கான்" என்றார். பிறகு என்ன, வீட்டில் நான் மடிக்கணினியை வைத்துக் கணக்குப் பார்க்கிற மேசைதான் அவனுடைய புதுக் கடை. மேலாளரோடு வீடியோ கூட்டம் தொடங்கினால் போதும், முகம் பார்ப்பது, மூக்கால் இடிப்பது, கை வைப்பது, குரைப்பது, எல்லாம் வரிசை மாறாமல் நடக்கும்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். ஆனால் சமையலறையிலிருந்து என் மனைவி, "டேய் ஆ பாய், சும்மா இரு!" என்று ஒரு சத்தம் போடுவாள். மகள் ஓடி வந்து இரண்டு கையாலும் தள்ளுவாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்து, பாதியைக் கீழே போடுவார். திட்டினால் நிறுத்திவிடும் என்று நாம் நினைக்கிறோம். நாயின் கணக்கு வேறு. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முகத்தைப் பார்த்தார்கள், கையால் தொட்டார்கள், மூன்றும் அதற்கு வரவுதான். தள்ளிவிடுவதைப் பல நாய்கள் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே "கண்டுகொள்ளாமல் இருக்கிறேன்" என்பதில் திட்டுவதும் முறைப்பதும் சேராது. பார்வையைத் திருப்பிக்கொள்ளவேண்டும், வாய் திறக்கக் கூடாது, தேவைப்பட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடவேண்டும்.

அப்பா சொல்வார், "எப்பவாவதுதானடா போடுறேன்." வினையே அந்த எப்பவாவதில்தான் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டிய விஷயம் இது. ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த பழக்கம், தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைத்த பழக்கம்தான் லேசில் சாகாது. இதை அப்பாவுக்கு எலி, புறா கதையாகச் சொன்னபோது ஏறவில்லை. அவர் புதன், சனி, ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர். "நீங்க ஏன்ப்பா இன்னும் எடுக்கிறீங்க? எப்பவோ ஒரு வாட்டி அடிச்சதாலதானே? அவனும் உங்ககிட்ட நம்பர் எடுக்கிறான், நீங்கதான் அவனுக்குக் கடை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

நடுவில் ஒரு பயிற்சியாளர் கதையும் உண்டு. தெரிந்தவர் சொல்லி வரவழைத்தோம். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இவன் தன்னைத்தான் இந்த வீட்டுத் தலைவன்னு நினைக்கிறான்" என்றார். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு வைக்கவேண்டுமாம், வாசலில் நாங்கள்தான் முதலில் நுழையவேண்டுமாம், அடங்காவிட்டால் மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடிக்கவேண்டுமாம். செய்தும் காட்டினார். ஆ பாய் பயத்தில் அங்கேயே மூத்திரம் போய்விட்டான். அப்பா எழுந்து, "தம்பி, நீங்க நாயைப் பழக்குறீங்களா, ரௌடியைப் பழக்குறீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். பணம் போனது போனதுதான், திருப்பித் தரவில்லை.

இந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்துதான் இது பெரிதாகப் பரவியது. அந்தக் கருத்தைப் பிரபலமாக்கியவர்களில் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரும் ஒருவர். காட்டில் வருடக்கணக்காக ஓநாய்களைக் கவனித்த அவரே 1999-இல் மாற்றி எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம், பெற்றவர்கள் வழிநடத்துகிறார்கள், சண்டை போட்டுப் பதவிக்கு வருவதில்லை என்று. ஓநாய்க்கே பொருந்தாததை, ரொட்டி சானாய் கேட்டுக் கை நீட்டுகிற நாய்மேல் ஏற்றி அமுக்கினால் எப்படி? உங்கள் நாய் பதவி கேட்கவில்லை. பிஸ்கட் கேட்கிறது, இல்லாவிட்டால் கொஞ்சம் பேச்சுத்துணை கேட்கிறது.

சரி, செய்யவேண்டியதற்கு வருகிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் குரைப்பு உடனே குறையாது, கூடும். இவ்வளவு நாள் பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் உரக்க, இன்னும் நேரம் எடுத்துக் குரைக்கும், பிராண்டும், செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். பெரும்பாலான வீடுகள் தோற்பது அங்கேதான். "ஐயோ போதும்" என்று அந்த உச்சத்தில் ஒரு துண்டு போட்டுவிட்டால், மெதுவாகக் குரைத்தால் கிடைக்காது, காது கிழியக் குரைத்தால் கிடைக்கும் என்று அதற்கு நீங்களே பாடம் நடத்தியதாக ஆகிவிடும். வரிசை வீட்டில் பக்கத்துச் சுவர் பொதுச் சுவர். அதனால் நாங்கள் தொடங்குவதற்கு முன்பே ஒரு பக்கத்து வீட்டில் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மாவிடமும் மறுபக்கத்து ஆன்ட்டியிடமும் போய், கொஞ்ச நாள் சத்தம் இருக்கும், பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

ஆனால் கேட்பதை நிறுத்து என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்றும் காட்டவேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய கோணிச்சாக்கு. நாலாக மடித்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டோம். ஆ பாய் அதன்மேல் கால் வைத்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் இரண்டு. துண்டைக் கையில் தூக்கிக் காட்டக் கூடாது, அவன் முன்னங்கால்களுக்கு நடுவே சாக்கின்மேலேயே வைக்கவேண்டும். அப்போதுதான் நம் கையைப் பார்த்துத் துள்ளாமல் தரையைப் பார்ப்பான். படுத்துக்கொண்டிருக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவேண்டும். இன்னொன்று, நாம் எல்லாரும் மறக்கிற விஷயம்: நாய் தானாகவே சும்மா படுத்திருக்கும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில்தான் போய் ஒரு துண்டு வைத்துவிட்டு வரவேண்டும்.

இந்த வேலை முழுவதையும் அப்பாவிடம் கொடுத்தேன். பிஸ்கட் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் என் முதுகுக்குப் பின்னால் போட்டிருப்பார். போடுங்கள், சாக்கில் படுத்திருந்தால் மட்டும் போடுங்கள் என்றேன். கிராக்கரில் உப்பும் மாவும்தான், அவனுடைய உலர்தீனியையே போடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட்டைப் பொடித்துப் பொடித்து நாள் முழுக்கக் கொடுப்பது என்று சமாதானம் ஆயிற்று. குழம்புச் சோறு மட்டும் கண்டிப்பாகக் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே கெடுக்கும். இப்போது வீட்டிலேயே கறார் ஆள் அப்பாதான். மகள் தெரியாமல் ஒன்று நீட்டினால், "சாக்குல இல்ல, கொடுக்காத" என்று அதட்டுகிறார். ஆ பாய் நான் மடிக்கணினியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கிறான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து என் தம்பி தீபாவளிக்கு வருவான். வந்ததும் தரையில் உருண்டு நாயோடு குஸ்தி. சாப்பாட்டு மேசையில் கோழி எலும்பு. "பாவம்ணே, ஏன் இப்படி மிலிட்டரி மாதிரி வெச்சிருக்கே" என்று எனக்கு வகுப்பு வேறு. சமைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று நான் சொன்னால், "நம்ம தாத்தா காலத்துல எல்லாம்..." என்று தொடங்குவான். இதே மனுஷன்தான் வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து, அப்பா ஏன் இளைத்துவிட்டார், சர்க்கரை எவ்வளவு, மருத்துவரிடம் காட்டினாயா என்று கேட்பவன். மருந்துக்கு விடியற்காலையில் போய் எண் எடுத்து உட்காருகிறவன் நான். இரவில் அப்பா எழுந்தால் விளக்கைப் போடுகிறவள் என் மனைவி. அவன் ஒரு பெட்டி சாக்லேட்டோடு வந்து எல்லாருக்கும் நல்லவனாகிவிட்டுப் போவான், நாய்க்கும் உட்பட. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், தெரியும். ஆனால் விருந்தாளிகள் போன பிறகு நாய் பழையபடி ஆரம்பித்தால் பயந்துவிடாதீர்கள், சாக்கிலிருந்து மறுபடி தொடங்கினால் முன்னைவிடச் சீக்கிரம் வழிக்கு வரும் என்று சொல்லத்தான் இதை எடுத்தேன். சாக்லேட் நாய்க்கு விஷம், அதையும் அவன் காதில் போட்டிருக்கிறேன்.

நடை முக்கியம். நம் ஊர் வெயிலில் பகலில் கூட்டிப்போகாதீர்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய், அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். வீடியோ கூட்டம் இருக்கிற நாளில் தீனியைத் தட்டில் கொட்டாமல் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுத்தால், அதை அவிழ்த்துத் தின்பதிலேயே கொஞ்ச நேரம் போய்விடும். குட்டியாக இருந்தால் போதுமான தூக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகமாகக் கடிக்கும், குரைக்கும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். ஒன்று, இதுவரை அமைதியாக இருந்த நாய், அதிலும் வயதான நாய், திடீரென்று இப்படி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல், முதுமையில் வரும் மறதி, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு, பயம். பினாங்கில் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர்கள் ஜேட் பேரரசர் என்ற தெய்வத்தின் பிறந்தநாளை வரவேற்று வெடி போடுவார்கள், தீபாவளிக்கு நாம் போடுகிறோம். அந்த நேரத்தில் நடுங்கிக்கொண்டு மடியில் ஏறுகிற நாய் அடம்பிடிக்கவில்லை. அணைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியைச் சத்தமாக ஓடவிடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் பழக்கமாகிவிடும் என்று சொல்வதை நம்பவேண்டாம்.

பின்சேர்க்கை: கருத்தில் ஒருவர் மின்அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். குரைப்பதற்கும் வலிக்கும் முடிச்சுப்போடாமல், அந்த நேரம் எதிரே நின்ற உங்கள் பிள்ளைக்கும் வலிக்கும் முடிச்சுப்போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்? இன்னொருவர் முகத்தில் தண்ணீர் ஸ்பிரே அடித்தால் நிறுத்தும் என்கிறார். அவர் நாய் நிறுத்தியிருக்கலாம். இங்கே என் மகள் பூச்செடிக்கு அடிக்கிற பாட்டிலை எடுத்து அடித்துப் பார்த்தாள். ஆ பாய் வாயைத் திறந்து அவ்வளவையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவள் தொடையில் கையை வைத்தான்.