பழைய கணினிக்குப் புதுச் செலவு எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. இரண்டு வாரங்களாக எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வருகிறது. கடையில் காட்டினோம். வைரஸ் பிடித்துவிட்டது, ஃபோமட் செய்யவேண்டும், அதைவிடப் புதிது வாங்குவதே நல்லது என்றார்கள். நான் ஓய்வூதியத்தில் வாழ்பவள். என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: ரீச்சர், பணப்பையைத் திறப்பதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே 2009 என்றோ 2012 என்றோ ஏதாவது பழைய ஆண்டு தெரிகிறதா? தெரிந்தால் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கணினியின் மணிக்கூடு பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு இணையத்தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது இந்தத் திகதியிலிருந்து அந்தத் திகதிவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் கணினி தான் 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கிறது.

மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓடவைப்பது தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) இருக்கும் வட்டமான சிறு பற்றரி. சி.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். ஒரு கொத்து ரொட்டியின் விலைகூட வராது. நம் வீடுகளில் கணினியை நிறுத்தியதும் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். அந்த நேரமெல்லாம் பற்றரி தனியாகச் சுமக்கிறது, அதனால் சீக்கிரம் தீர்கிறது. அதற்காக அந்தப் பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, செருகியையே கழற்றிவிடவேண்டும்.

மாற்றுவது கடினமல்ல. மின்செருகியைக் கழற்றுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து, வெறும் உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, பற்றரியைப் பிடித்திருக்கும் சிறு கொளுக்கியை அழுத்தினால் அது மேலெழும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். முதல் முறை கணினியைப் போடும்போது எஃப்-1 விசையை அழுத்தச் சொல்லக்கூடும். பயப்படாமல் அழுத்தி, திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். இதே கோளாறுக்கு நானும் ஒரு முறை ஒரு கடையில் ஃபோமட் செய்யக் காசு கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு சுவிட்சை அணைத்தேன். காலையில் அதே எச்சரிக்கை. போன காசு போனதுதான்.

திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடர்கிறதா? விண்டோஸ் நம்பும் சான்றிதழ்களின் பட்டியல் பழையதாகியிருக்கலாம். ஏராளமான தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 அன்று காலாவதியானது. தன் பட்டியலைத் தானே சுமந்துவரும் உலாவியான ஃபயர்ஃபொக்ஸை நிறுவினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விண்டோஸ் 7க்குரியது அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115. குரோம் உலாவியோ 109ஆம் பதிப்புடன் விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. ஆனால் ஒன்று, ரீச்சர். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. பத்திரிகை வாசியுங்கள், கர்நாடக சங்கீதம் கேளுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். நான்காம் தலைமுறை ஐ-3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10 உள்ள மேசைக் கணினி. போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் திறந்திருக்காது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் ரேமைக் கூட்டச் சொன்னார்கள், இன்னொரு கடையில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்றார்கள். எது சரி?
– கொட்டாஞ்சேனைத் தந்தை

பதில்: இரண்டுமே முதல் வேலை அல்ல. கணினி திறந்ததும் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற நெடுவரிசையில் பல நிமிடங்களுக்கு நூறு சதவீதம் நிற்கிறதென்றால் திணறுவது வன்தட்டு. உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல, ஓர் ஊசி அங்குமிங்கும் ஓடி ஓடித் தகவலைப் பொறுக்குகிறது. விண்டோஸ் 10 ஒரே நேரத்தில் நூறு சிறு கோப்புகளைக் கேட்கும். பாவம், அந்த ஊசி எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்?

அந்த வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுங்கள். அதில் சுழலும் பாகமே கிடையாது. உங்கள் கணினியின் வயதுக்கு, சாட்டா என்ற வயரில் கொழுவும் 2.5 அங்குல வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். சுவிங்கம் பட்டைபோல மெல்லியதாக இருக்கும் என்.வி.எம்.ஈ. வகையை 'இதுதான் வேகம்' என்று நீட்டுவார்கள். வேகம்தான், ஆனால் நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகைகள் பெரும்பாலானவற்றில் அதற்குத் துளையே இல்லை. யூனிட்டி பிளாஸாவில் ஏறி இறங்குவதற்கு முன் உங்கள் தாய்ப்பலகையின் மாதிரி எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். நான்கு கடையில் விலை கேளுங்கள். சாட்டா வயரும் சேர்த்துத்தானா விலை என்பதையும் கேளுங்கள்.

கழற்றிய பழைய வன்தட்டைக் கடையில் விட்டுவராதீர்கள். அதில் உங்கள் குடும்பப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், மகனின் பாடக்குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. அது 'டிக், டிக்' என்று சத்தம் போடுகிறதென்றால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்து, இன்றிரவே படங்களைப் பிரதியெடுங்கள்.

ரேம் இரண்டாவது. 8 ஜிபி ஆக்கினால் உலாவியில் பத்துப் பக்கம் திறந்து வைக்கலாம். உங்கள் கணினிக்கு அநேகமாக டிடிஆர்-3 வகை ரேம் வேண்டும். டிடிஆர்-4 வாங்கினால் துளைக்குள் இறங்காது. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் வீண். சிஸ்டம் விவரப் பக்கத்தில் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. அதே டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கணினியோடு சேர்ந்தே விழித்தெழும் நிரல்களை நிறுத்துங்கள். பிரிண்டர் நிறுவனத்தின் உதவி நிரல், அரட்டைச் செயலிகள், எப்போதோ போட்ட விளையாட்டு எதுவும் காலையிலேயே எழும்பத் தேவையில்லை. வைரஸ் தடுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். அதோடு, 'நிறுத்து' என்பதை விட 'மீண்டும் தொடங்கு' என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொடுக்குங்கள். விண்டோஸ் 10இல் நிறுத்தினாலும் விண்டோஸின் அடிப்படைப் பகுதி வன்தட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வருகிறது. மீண்டும் தொடங்கினால்தான் எல்லாம் புதிதாக எழும்பும்.

விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களுடையது பட்டியலில் இல்லை. சோதனையைத் தந்திரமாகத் தாண்டிப் போட்டுத் தருவார்கள்தான். ஆனால் அப்படிப் போட்டதற்கு மைக்ரோசொஃப்ட் இற்றைப்படுத்தல்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யலாம், கணினி அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகும் அதே கணினி வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவசப் பணிசெயல் முறைமை ஒன்றை முயன்று பாருங்கள். 2 ஜிபி ரேமிலேயே எழும்பும், 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும். பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம்.

கேள்வி: 'உங்கள் கணினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிழைகள், இப்போதே சுத்தம் செய்யுங்கள்' என்று அடிக்கடி ஒரு பெட்டி வருகிறது. அந்த நிரலை வாங்கலாமா?
– தெமட்டகொட வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிதான் பிழை. கொன்ட்ரோல் பனலில் அந்த நிரலைத் தேடி அகற்றுங்கள். பட்டியலில் இல்லையென்றால், அறிவிப்பு அனுப்ப ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் அனுமதி கொடுத்திருப்பீர்கள். உலாவியின் அமைப்புகளில் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவின் அச்சகக் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த இருபது வருடக் கோப்புகள் அதில் இருக்கின்றன. நாம் புதிதாகக் கொண்டுபோகும் தமிழ்க் கோப்புகளோ வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன.
– தெஹிவளை வாசகி

பதில்: எக்ஸ்பிக்கு யுனிகோட் தமிழ், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டில் எழுதிய தமிழ், தெரியும், லதா எழுத்துருவும் அதற்கு உண்டு. யாரும் அதைத் திறந்துவிடவில்லை. கொன்ட்ரோல் பனலில் பிராந்திய, மொழி அமைப்புகளுக்குப் போய், மொழிகள் என்ற பகுதியில் சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான முதல் பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். எக்ஸ்பி மூலத்தட்டைக் கேட்கும், ஆகவே அப்பாவின் அலுமாரியை முதலில் கிளறுங்கள். ஒரு முறை மீண்டும் தொடங்கினால் கட்டங்கள் எழுத்துகளாகும்.

பாமினி வேறு கதை. அதன் கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்பதே புரியாத ஆங்கிலக் குப்பையாகிவிடும். பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. வேலை இல்லாத நாட்களில் சிறிது சிறிதாக மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மூலக் கோப்புகளை அழிக்கவேண்டாம். மாற்றிகள் சில இடங்களில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டதால் இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். அச்சடிக்க இணையம் எதற்கு?

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய எஸ்.எஸ்.டி. ஐந்தாம் வாரமே கணினிக்குத் தெரியாமல் போய்விட்டது. பற்றுச்சீட்டு இல்லாமல் மாற்றித் தரமுடியாது என்கிறார்கள். வாங்கும்போது அவர்கள் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.
– மட்டக்குளி வாசகர்

பதில்: முதலில் வேறொரு சாட்டா வயரில் கொழுவிப் பாருங்கள். வயர் பழுதாகி எஸ்.எஸ்.டி. மீது பழி விழுவது புதிதல்ல. அப்படியும் தெரியாவிட்டால் அதன்மேல் கடைக்காரர் ஒட்டிய சிறு உத்தரவாத ஒட்டியைப் பாருங்கள். கடையின் அடையாளமும் மாதமும் அதில் இருந்தால் அதுவே அரைச் சாட்சி. வங்கி மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, விலை பேசிய வட்ஸ்அப் செய்தி இரண்டும் மீதி.

இவற்றின் பிரதிகளோடு கடைக்காரரிடம் இன்னொரு முறை அமைதியாகப் பேசுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, தள்ளிப்போடவேண்டாம். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்த முறை கேளுங்கள். எஸ்.எஸ்.டி.யின் தொடரிலக்கத்தையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.