40 சர்வர்களைக் கையால் பார்த்துக்கொள்கிறோம். நேராகக் கிளவுடுக்குப் போவதா, முதலில் ஆட்டோமேஷனா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஏறக்குறைய 40 சர்வர்கள். பாதி அலுவலகத்திலேயே, மீதி வாடகை டேட்டா சென்டரில். எல்லா வேலையும் கையால்தான் நடக்கிறது. பல வருடங்களாக இருக்கும் மூத்த அட்மின் ஒருவருக்குத்தான் முழு விவரமும் தெரியும். "எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது" என்கிறது நிர்வாகம். மூத்தவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நான் டெவலப்பர். எங்கே தொடங்குவது?

பதில்:

முதலில் ஆட்டோமேஷன், அப்புறம்தான் கிளவுட். இந்த வரிசையில் உறுதியாக இருங்கள். கையால் பராமரிக்கும் 40 சர்வர்களை அப்படியே கிளவுடுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கேயும் கையால் பராமரிக்க வேண்டிய 40 சர்வர்கள்தான் இருக்கும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற குழப்பம் அப்படியே கூட வரும், அதற்கு மேல் மாதாமாதம் பில்லும் வரும். சொந்த ரேக், கிளவுட் இரண்டிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஆட்டோமேஷன் என்றதும் பலருக்கும் வேகம்தான் நினைவுக்கு வருகிறது. அரை மணி நேர வேலை அரை நிமிடத்தில் முடியும் என்று சொல்லித்தான் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குகிறார்கள். வேகம் கிடைப்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு: ஒரு சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற விவரம் ஒருவர் தலையிலிருந்து ஒரு கோப்புக்கு வந்துவிடுகிறது. கோப்பில் இருந்தால் இன்னொருவர் படிக்கலாம், "இது ஏன் இப்படி?" என்று கேட்கலாம், மாற்றம் நடப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம்.

உங்கள் நிர்வாகத்திடம் நைட் கேப்பிட்டலுக்கு நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய அளவில் வர்த்தகம் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தை ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கவிருந்தது. அதற்கான நிரலை நைட் தன்னுடைய 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஜூலைக் கடைசியில் ஊழியர் ஒருவர் கையால் ஏற்றினார். ஏழில் ஏறியது, எட்டாவது விடுபட்டுவிட்டது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட 'பவர் பெக்' என்ற பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கி வந்த, சுவிட்ச் போன்ற ஃபிளாக்கைத்தான் புதிய நிரல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. காலை 9:30-க்குச் சந்தை திறந்ததும், ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்ய, எட்டாவது சர்வர் நிற்காமல் ஆர்டர்களை அனுப்ப ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

இதில் என்னை அதிகம் பாதித்த விவரம் வேறொன்று. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த அமைப்பு 'பவர் பெக்' பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்குத் தானாக அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கைக்காக வடிவமைத்த மின்னஞ்சல்கள் அல்ல என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பிரச்சினை வெடித்த பிறகு, புதிய நிரல்தான் காரணம் என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். பழைய நிரல் அந்த ஏழிலும் உயிர் பெற்று நிலைமை இன்னும் மோசமானது. எட்டு சர்வர்களிலும் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு கட்டளையில் பார்க்க முடிந்திருந்தால் போதும், அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடமே நைட் இன்னொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

ஆகவே உங்கள் முதல் வேலை எதையும் மாற்றுவது அல்ல, பார்ப்பது. பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கையாள உதவும் ஆன்சிபிள் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணைப்பும் சர்வரில் பைத்தானும் இருந்தால் போதும், ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் (உதவி மென்பொருள்) எதுவும் நிறுவ வேண்டியதில்லை. இயங்குதள வெர்ஷன், கெர்னல், டிஸ்க், நிறுவிய பேக்கேஜ்கள், திறந்திருக்கும் போர்ட்டுகள், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எல்லாவற்றையும் 40 சர்வர்களிலிருந்தும் திரட்டி மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் ஒரு கிட் ரெப்போவில் போடுங்கள். அப்புறம் ஒரே வேலையைச் செய்யும் சர்வர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வரும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரே லோட் பேலன்சருக்குப் பின்னால் இருந்த இரண்டு வெப் சர்வர்களில் டைம்ஸோன் வேறு வேறாக இருந்தது. நள்ளிரவை ஒட்டி வந்த ரசீதுகளில் சிலவற்றுக்கு மட்டும் தேதி மாறிப்போய், கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில் எப்போதும் இடித்துக்கொண்டே இருந்தது. அது மென்பொருள் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பட்டியலை ஒப்பிட்ட அன்றே காரணம் தெரிந்துவிட்டது. உங்களிடமும் இப்படி ஏதாவது கட்டாயம் சிக்கும். அதைக் கொண்டுபோய் நிர்வாகத்திடம் காட்டினால், அடுத்த கட்டத்துக்கு நேரம் கேட்பது சுலபம்.

அடுத்தது, தப்பானாலும் பெரிதாகச் சேதம் வராத வேலைகள்: பயனர் கணக்குகள், எஸ்எஸ்ஹெச் சாவிகள், நேர ஒத்திசைவு, லாக் ரொட்டேஷன் (பழைய பதிவுக் கோப்புகளைச் சுழற்றி நீக்குவது), கண்காணிப்பு மென்பொருள். இவற்றை பிளேபுக்காக (ஆன்சிபிள் படித்துச் செய்யும் கோப்பு) எழுதி முதலில் செக் மோடில் ஓட்டுங்கள். என்ன மாறும் என்று சொல்லுமே தவிர எதையும் மாற்றாது. ஒழுங்காக எழுதிய பிளேபுக்கை எத்தனை முறை ஓட்டினாலும், ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்டுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் அதுதான். ஷெல் கட்டளைகளை அப்படியே பிளேபுக்குக்குள் திணிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த நன்மை போய்விடும், கவனம். இவை பழகிய பின் செக்யூரிட்டி பேட்ச், அதன் பின் அப்ளிகேஷன் டெப்ளாய்மென்ட். டேட்டாபேஸ் சர்வர்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம். கையால் செய்யும்போது ஒரு தவறு ஒரு சர்வரைக் கெடுக்கும். ஆட்டோமேஷனில் அதே தவறு நாற்பதையும் கெடுக்கும். ஆகவே எந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும், அதை எது நிறுத்தும் என்று முடிவு செய்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் நின்றுபோனது. பில்லிங் அமைப்பு மெதுவாக இருந்ததை ஆராய்ந்துகொண்டிருந்த பொறியாளர், சில சர்வர்களை விலக்குவதற்காக, வகுத்து வைத்திருந்த நடைமுறைப்படிதான் ஒரு கட்டளையைக் கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தவறாகிவிட்டது. நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகிவிட்டன. அவற்றில் எஸ்3-இன் அட்டவணைப் பகுதியும் அடக்கம். பல வருடங்களாக முழுதாக ரீஸ்டார்ட் செய்யாத அந்த அமைப்பு எழுந்து வரத் தாமதமானது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக எண்ணற்ற இணையதளங்கள் திணறின. சேவை நிலையைக் காட்டும் அமேசானின் பக்கத்தைக்கூட முதலில் புதுப்பிக்க முடியவில்லை, ஏனென்றால் அதுவும் எஸ்3-ஐ நம்பியே இருந்தது.

பிறகு அவர்கள் செய்த திருத்தத்தைப் பாருங்கள். அந்தக் கருவி சர்வர்களை மெதுவாக விலக்கும்படி மாற்றினார்கள். எந்த அமைப்பும் தனக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதபடி தடை வைத்தார்கள். இரண்டுமே உங்களாலும் முடியும். ஆன்சிபிளில் சீரியல் என்ற அமைப்பை வைத்தால் ஒரே நேரத்தில் எத்தனை சர்வர்களைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தலாம். முதலில் ஒன்று, அப்புறம் ஐந்து, அப்புறம் மீதி. இத்தனை சதவீதத்துக்கு மேல் தோல்வி வந்தால் நின்றுவிடு என்றும் சொல்லலாம். சர்வர் போன்ற வளங்களைக் கோப்பில் எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் என்ற கருவியில் முக்கியமான வளங்களை அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கலாம். அப்ளிகேஷன்களைப் பல சர்வர்களில் பகிர்ந்து ஓட்டும் குபர்னெட்டிஸில், பராமரிப்பு நடக்கும்போது குறைந்தது எத்தனை பாட்கள் (அப்ளிகேஷனின் ஓடும் நகல்கள்) ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். (குபர்னெட்டிஸ் உங்களுக்கு இப்போது தேவையில்லை. யாராவது வற்புறுத்தினாலும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.)

சரி, கிளவுட். அதற்கு நான் எதிரியில்லை. திடீரென்று சுமை கூடிக் குறையும் வேலைகள், டெஸ்ட் சூழல்கள், இன்னொரு ஊரில் இருக்க வேண்டிய பேக்கப் ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தூரமும் இப்போது பிரச்சினை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே புனே, சென்னை, மும்பையில் கிளவுட் டேட்டா சென்டர்களைத் தொடங்கிவிட்டது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. ஆனால் இரவு பகலாக ஒரே அளவு சுமையோடு ஓடும் டேட்டாபேஸை மாற்றும் முன் மூன்று வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டேட்டா வெளியே போகும்போது எடுக்கும் கட்டணத்தையும் அதில் சேருங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022-இல் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்துத் தன் அப்ளிகேஷன்களைச் சொந்த சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. டெப்ளாய்மென்ட்டைத் தாங்களே எழுதிய கருவியால் ஆட்டோமேட் செய்திருந்ததால்தான் அந்த இடமாற்றம் அவர்களுக்குக் கைகூடியது என்று நினைக்கிறேன். அந்தத் திறமை உங்களிடம் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம், திரும்பியும் வரலாம்.

கிளவுடில் முதல் சர்வரை எழுப்புவதே டெராஃபார்ம் வழியாக இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் அதன் உரிமம் மாறியதால் பலர் அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபுவுக்குப் போனார்கள். எதை எடுத்தாலும் எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வெப் கன்சோலில் கிளிக் செய்து உருவாக்கிவிட்டு, "அப்புறம் கோடில் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்த அப்புறம் வராது. டெராஃபார்ம் தான் உருவாக்கியதைக் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாக இருக்கக்கூடும். அதை கிட்டில் போடாமல், ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி பூட்டும் வசதியுள்ள, உங்கள் குழு மட்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சேமிப்பில் வையுங்கள். முதல் நாளே செலவு எச்சரிக்கையையும் போட்டுவிடுங்கள்.

பேக்கப் பற்றி ஒன்று. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் தனிக் கிளவுட் அமைப்பு, கூகுள் பக்கம் நடந்த பிழையால் அழிந்துபோனது. உள்கருவி ஒன்றில் ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டதால், ஒரு வருடம் முடிந்ததும் தானாக அழியும் என்ற இயல்பு மதிப்பு அதில் உட்கார்ந்துவிட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களால் ஒரு வாரம் போலத் தங்கள் கணக்குகளைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்தின் சேவையிலும் பேக்கப் இருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. உங்களுக்கும் ஒரு நகல் இன்னொரு நிறுவனத்திடம், இன்னொரு கடவுச்சொல்லின் கீழ் இருக்க வேண்டும். அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனையையும் ஆட்டோமேட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஒரு தற்காலிக சர்வரில் பேக்கப்பை இறக்கி, சில வரிசைகளை எண்ணிப் பார்த்து, முடிவை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். மின்னஞ்சல் வராத மாதத்தில் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மூத்தவர். அவருடைய தயக்கத்தை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருக்கலாம், அது நியாயமான பயம். நிர்வாகம் அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிந்தது எந்தக் கருவிக்கும் தெரியாது. 2025 அக்டோபரில் அமேசானின் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவை, மறுபடியும் அதே வடக்கு வர்ஜீனியாவில் விழுந்தது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு செயல்கள் ஒன்றோடொன்று மோதியதில், அந்தச் சேவையின் முகவரிப் பதிவே காலியாகிவிட்டது. ஆட்டோமேஷனால் அதைத் தானாகச் சரிசெய்ய முடியாத நிலை. மனிதர்கள் கையால் இறங்கித்தான் மீட்டார்கள். அந்தக் கை உங்கள் நிறுவனத்தில் இப்போதைக்கு அவர் ஒருவருடையதுதான்.

அதனால் பிளேபுக்கை நீங்கள் எழுதிக் கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டாம். அவர் வாராவாரம் செய்யும் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, இதை முடித்ததும் சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். டிஸ்க்கில் இவ்வளவு இடம் இருக்க வேண்டும், இந்த லாக்கில் இந்த வரி வந்திருக்க வேண்டும், இந்த போர்ட் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அதையெல்லாம் பிளேபுக்கில் சோதனைகளாக எழுதிவிடுங்கள். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் தரும் இடத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.

இந்த 40-இல் விண்டோஸ் சர்வர்கள் எத்தனை என்று கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். விண்டோஸுக்கு ஆன்சிபிள் வழக்கமாக வின்ஆர்எம் (விண்டோஸின் தொலைநிலை நிர்வாக இணைப்பு) வழியாகப் போகும், ஆன்சிபிளை ஓட்டும் கணினி மட்டும் லினக்ஸ் அல்லது மேக் போன்றதாக இருக்க வேண்டும், விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. அதற்கான முதல் அமைப்பை அங்கேயே எழுதித் தருகிறேன்.