தற்காலிகப் பணியாளர் என்றால் குழிக்குள் இறங்கித்தான் ஆகவேண்டுமா?

ஆறு மாத ஒப்பந்தத்தில் உள்ளாட்சி வேலைக்குச் சேர்ந்த உங்களை, எந்த உபகரணமும் தராமல் சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர் என்று எழுதியிருந்தீர்கள். "தற்காலிக ஆளுக்கு அதெல்லாம் கிடையாது" என்றாராம். தயவுசெய்து இறங்காதீர்கள்.

குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். அழுகிய முட்டை வாடை வருமே, அதை நம்ப முடியாது. 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துவிடும். 'இப்போது வாடை இல்லையே' என்று தோன்றும் நேரம் மிக மோசமான நேரமாக இருக்கலாம். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், மேலே கயிற்றோடு ஓர் ஆள், இவை வேண்டும். அப்புறம், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர்களும் அப்படித்தான் சாகிறார்கள்.

பாதுகாப்புக்கான செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி அந்த வேலையிலிருந்து ஒதுங்கி நின்றவருக்குத் தண்டனை வராமல் பாதுகாப்பு வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981). அரசுப் பணியாளர்களும் அதில் அடக்கம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்று தொழிற்சங்கத்திடம் கேளுங்கள்.

மறுக்கும்போது வேலையிடத்தை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள், வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கோபத்தில் வார்த்தையை விட்டால் பேச்சு உங்கள் நடத்தை பக்கம் திரும்பிவிடும். வேறு வேலை கேளுங்கள். சொன்னவர், தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி அன்றைக்கே மேலதிகாரியிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.